மேளச் சத்தத்தில் கேட்ட ரோஜா

1

கப்பல் பட்டறையில் எனக்கு ஓர் இரும்பு லாக்கர் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஹெல்மெட், கையுறை, டார்ச் லைட், வெல்டிங் உயரத்தை அளக்கிற கேஜ், இவற்றுக்கெல்லாம் பின்னால் துண்டில் சுற்றிய ஒரு ரோஜா சென்ட் பாட்டில். காலையில் வேலை உடுப்பை மாட்டியதும் மணிக்கட்டில் ஒரு தரம், கழுத்துக்குக் கீழே ஒரு தரம் அடித்துக்கொள்வேன். மாலையில் அங்கேயே குளித்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவேன். பக்கத்து லாக்கர் போலந்துக்காரருக்கு இதில் பெரிய சந்தேகம். எவளையோ பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் இப்படித்தான் குளிப்பான் என்கிறார். அவருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? இது தமிழ்க் காதுக்குத்தான் விளங்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் மனைவி புவனா இந்த ராட்டர்டாம் நகரத்துக்கு வந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நான் வந்து ஐந்து வருடம். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். டிப்ளமோ படித்து, வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கான பரீட்சைகள் எழுதி, இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். முதல் ஆளாக இருப்பதில் ஒரு சிரமம் உண்டு. கேட்டுக்கொள்ள யாரும் கிடையாது. எந்த ஃபாரத்தில் எதை எழுதுவது, இன்டர்வியூவுக்கு எந்தச் சட்டை, கட்டிக்கொண்ட பெண்ணிடம் என்ன பேசுவது, எல்லாவற்றையும் நானாக யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்ததில் பாதி தப்பாக இருக்கும். அது தப்பு என்று தெரிய வருடங்கள் ஆகும்.

2

கல்யாணம் பொன்மலையில், ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. புவனாவின் அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புவனா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். பெண் பார்க்கப் போன அன்று தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். "அங்க ரொம்பக் குளிருமா?" என்று கேட்டார். நான் மாதவாரியாக வெப்பநிலையைச் சொன்னேன். நவம்பர் வருவதற்குள் கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

கல்யாண மாலை பன்னீர் ரோஜாவில் கட்டியது. அப்பாவின் ஏற்பாடு. ஸ்ரீரங்கம் பூச்சந்தையில் இருபது வருடமாகச் சுமை ஏற்றுகிற மனிதருக்கு, மகன் கழுத்தில் வாசனை இல்லாத பெங்களூர் ரோஜா தொங்குவதைப் பார்க்க மனசு வராது. சின்னச் சின்ன இதழ், வெளிர் சிவப்பு, தொட்டால் உதிரும். அதை அடர்த்தியாகக் கட்டி, தண்ணீர் தெளித்து, வாழைநார் ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டு வந்திருந்தார். மாலை எங்கள் இருவருக்கும் தாடை வரைக்கும் இருந்தது.

தாலி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்கிறேன். கெட்டிமேளம். அட்சதை மழை. அந்த இரைச்சலுக்குள் புவனா என் பக்கம் லேசாகச் சாய்ந்து, மேடையில் முதல் தடவையாகத் தானாக ஒரு வார்த்தை பேசினார்.

"ரோஜா வாசன எனக்கு ஆஹா..."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. அதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்? திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணிரண்டும் கலங்கி, மூக்கு நுனி சிவந்திருந்தது. பூ வாசனைக்குக் கண் கலங்குகிற பெண். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சரிந்து கிடந்த அவர் மாலையை முகத்துக்குப் பக்கமாக நன்றாக ஏற்றிவிட்டேன்.

"மாப்ள, அப்படியே இருங்க. கைய எடுக்காதீங்க," என்றார் போட்டோகிராபர். அந்தப் படம்தான் இப்போதும் எங்கள் ஆல்பத்தின் அட்டையில் இருக்கிறது.

அதன் பிறகு எனக்கு லீவு இருந்தது பதினோரு நாள். பதினோரு நாளும் சத்திரம் பேருந்து நிலையத்துப் பூக்கடையில் இரண்டு பன்னீர் ரோஜா வாங்கி, இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் இரண்டு விரலால் வாங்கிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பூ தலையில் இருக்காது.

"சாமிக்கு வெச்சிட்டேங்க."

என்ன பக்தி என்று நினைத்துக்கொள்வேன்.

3

பதினோரு நாளோடு நான் கிளம்பிவிட்டேன். அவருக்கு விசா கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. யாரையும் குறை சொல்வதற்கில்லை. எங்கள் பெயர்கள் அப்படி. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் இனிஷியல். அதை விரித்து எழுதியதும் இங்குள்ளவர்கள் அப்பாவின் பெயரால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் நான் இன்றைக்கும் முத்துக்கருப்பன்தான். கதிர்வேல் என்பது வீட்டில் கூப்பிடும் பேர் என்று நினைக்கிறார்கள். புவனாவின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர். கல்யாணச் சான்றிதழில் கணவன் ஒரு பெயர், மனைவி ஒரு பெயர். இரண்டும் ஏன் வேறு என்று ஒரு கடிதம் வந்தது. அதற்கு விளக்கம், அந்த விளக்கத்துக்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை.

பிறகு ஒரு வினாத்தாள் வந்தது. இது மெய்யான உறவுதானா என்று தெரிந்துகொள்ளும் தாள். எப்போது சந்தித்தீர்கள், எங்கே, யார் அறிமுகப்படுத்தியது, என்ன மொழியில் பேசிக்கொள்வீர்கள். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பரீட்சை எழுதியே வளர்ந்தவனுக்கு அது பெரிய காரியமில்லை. ஒரு கேள்வியில் மட்டும் பேனா நின்றது. உங்கள் துணைக்குப் பிடித்தவை எவை? கீழே நாலு கோடு இடம் விட்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பன்னீர் ரோஜாவின் வாசனை என்று எழுதினேன். மிச்சம் மூன்று கோடு காலியாக இருப்பது கண்ணை உறுத்தவே, கல்யாண மேடையில் அவர் கண் கலங்கியதையும் சேர்த்து எழுதி நிரப்பினேன்.

போனில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தினமும் பேசினோம். "சாப்டீங்களா?" "சாப்ட்டேன். நீங்க?" "ஆச்சுங்க." அங்கே எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார். எல்லாம் நல்லா இருக்கு என்பேன். உங்களுக்கு அங்கே ஒன்றும் கஷ்டமில்லையே என்று நான் கேட்பேன். ஒன்றுமில்லைங்க என்பார். இருவரும் நல்ல பிள்ளைகளாகப் பதினான்கு மாதம் தலையாட்டிக்கொண்டிருந்தோம். போனை வைத்த பிறகு அந்தக் குரலுக்கு உரிய முகத்தைக் கண்ணுக்குள் கொண்டுவரப் பார்ப்பேன். அது ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போயிற்று. எனக்கே இப்படி என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

விசா வந்துவிட்டது என்று தெரிந்த அன்று எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். பதினோரு நாள் பார்த்தவனை நம்பி வேலையை விட்டுவிட்டு, அப்பா அம்மாவை விட்டுவிட்டு ஒரு பெண் வருகிறாள். விமான நிலையக் கதவு திறக்கும்போது அவள் எதிரில் யாரோ ஒருவன் நின்றால்? போட்டோவை வைத்து முகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இவன்தான் என்று அவள் மனசுக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

4

சென்ட் கடைக்கு ஆரோக்கியராஜ் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். மணப்பாறைக்காரர். பைப் ஃபிட்டர். பதினெட்டு வருடமாகக் குடும்பத்தோடு இங்கே இருக்கிறார். இந்த ஊரில் என்னை டேய் போட்டுப் பேச இருக்கிற ஒரே ஆள்.

"என்ன சென்ட்டுடா வேணும் உனக்கு?"

"ரோஜா வாசனையில வேணும்ண்ணே. நெஜ ரோஜா மாதிரி."

"ரோஜாவா! டேய், மாலையப் போட்டு நாற்காலியில ஒக்கார வெச்ச மாதிரி இருக்கும்டா. பக்கத்துல ரெண்டு ஊதுபத்தி ஏத்திட்டா வேல முடிஞ்சுது."

"அவங்களுக்குப் பிடிக்கும்ண்ணே."

"அப்ப அவங்களுக்கு வாங்கு. நீ எதுக்குப் பூசிக்கிற?"

காரணத்தைச் சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்று, கடைக் கதவைத் தள்ளினேன்.

கடையில் நரைமுடிப் பெண்மணி ஒருவர் இருந்தார். காகிதப் பட்டையில் அடித்து, கையால் விசிறி, என்னிடம் நீட்டினார். முதல் ரோஜாவில் பாலும் சர்க்கரையும்தான் தெரிந்தது.

"சத்திரத்துல ஜூஸ் கடை வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்குடா," என்றார் அண்ணன். "ஐஸ் கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லு."

இரண்டாவது ரோஜா அடியில் புகை வைத்திருந்தது, பூஜை அறையின் சாயங்காலம். மூன்றாவது பவுடர். கல்யாண வீட்டில் கட்டிப்பிடித்து விசாரிக்கிற ஏதோ ஓர் அத்தையின் கன்னம். எதிலும் பூ இல்லை. பூவைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு எழுதியது போல இருந்தது.

அந்தப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உங்களுக்கு எதுவும் பிடிக்கவில்லையா, பட்டையை மூக்கருகே கொண்டுபோகவே மாட்டேன் என்கிறீர்களே என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். மூன்று பட்டையையும் நான் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடித்திருந்தேன்.

அது வளர்ந்த விதம். விடியற்காலையில் அப்பாவின் லோடு ஆட்டோவில் பூ மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து காவிரிப் பாலத்தைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். மடியில் ஈரக் கோணி. கோணிக்குள் பன்னீர் ரோஜா. கொஞ்சம் குனிந்தால் போதும், அப்பா கண்ணாடியில் பார்த்துவிடுவார். "டேய், மூக்கத் தூக்கு. சாமிக்குப் போற பூவுடா, மோந்து பாக்காத." குனியக் கூடாது. ஆனால் பாலத்து நடுவே ஆற்றுக்காற்று அடிக்கும். அந்தக் காற்று வாசனையைத் தானாக எடுத்துக்கொண்டு வந்து முகத்தில் வைக்கும். காற்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். நாமாகப் போய் எடுக்கக் கூடாது. அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

இதை அரைகுறை டச்சில் அந்தப் பெண்மணிக்குச் சொல்லப் பார்த்தேன். என் டச்சு பட்டறையின் பாதுகாப்புப் பலகைகளைப் படித்து வந்த டச்சு. வாசனை என்பதற்கு நான் ஒரு பலகையில் பார்த்திருந்த சொல் ‘ஸ்டாங்க்’. "எங்கள் ஊரில் கடவுளுக்கு அழகான ஸ்டாங்க் கொடுப்போம், அதனால் நாங்கள் அதை முகர்வதில்லை," என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "டேய், அது கெட்ட நாத்தம்டா! வாயு கசிஞ்சா ஓடுங்கன்னு போட்டிருக்கிற போர்டுடா அது!"

நாற்றம் என்பதே ஒரு காலத்தில் நல்ல மணத்தைத்தான் குறித்தது என்று பத்தாம் வகுப்பில் தமிழ் ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. இங்கே அது செல்லுபடியாகாது. மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சிரித்து முடித்துவிட்டுக் கீழ் இழுப்பறையைத் திறந்து இன்னொரு பாட்டிலை எடுத்தார். இந்தத் தடவை பட்டை எதையும் நீட்டவில்லை. ஓரடி தள்ளி நின்று, காற்றில் ஒரு தரம் அடித்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

முதலில் பச்சையாக ஏதோ வந்தது. இலையைக் கிள்ளினால் வருமே, அது. அப்புறம் எலுமிச்சைத் தோல் போல ஒரு கூர்மை. அதற்குப் பின்னால் குளிர்ச்சி, ஈரம், கொஞ்சம் மிளகின் காரம். பிறகுதான் இதழ் இதழாக விரிந்து பூ வந்தது. நான் அந்தக் கடையில் இல்லை. பாலத்தின் இரும்பு அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் வெள்ளையாகக் கிடந்தது. மலைக்கோட்டை இன்னும் பனிக்குள் இருந்தது. வாழைநார் மட்டும்தான் குறை.

அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இது பூவேதான்டா," என்றார் மெதுவாக. "வாங்கிக்க."

5

சென்ட்டைப் பூசுவதற்கும் படிப்பு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மணிக்கட்டில் அடித்துவிட்டுத் தேய்க்கக் கூடாது. தோலின் சூட்டில் தானாக ஆற விட வேண்டும். காகிதத்தில் இருப்பது ஒன்று, உடம்பில் இருப்பது வேறு. ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள் என்று அந்தப் பெண்மணி சொன்னார். இங்கே இருக்கிற ஆற்றுப் பாலத்தில் நடந்தேன். பச்சை போய்விட்டது. எலுமிச்சை போய்விட்டது. பூ மட்டும் என்னோடு நடந்து வந்தது. கையை வீசும்போது ஒரு தரம், காற்று திரும்பும்போது ஒரு தரம். தேடினால் கிடைக்காது. மறந்துவிட்டு வேறு எதையாவது பார்த்தால் பக்கத்தில் வந்து நிற்கும்.

புவனா வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கு மட்டும் பூசிக்கொண்டு போனால் புதுச்சட்டை போட்டுக்கொண்ட மாதிரி ஒட்டாமல் தெரியும் என்று, தினமும் பூசிக்கொள்ள ஆரம்பித்தேன். டிராமில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் வாசனை அங்கே உட்கார்ந்துகொள்ளும். கப்பலின் அடித்தொட்டிக்குள் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து போவேன். இரும்பும் புகையுமாக இருக்கிற அந்த இருட்டில், காலருக்குள்ளிருந்து ஒரு பூ மூச்சு விடும். அந்த மூன்று வாரமும் நான் தரையில் நடந்த மாதிரி நினைவில்லை. இப்படித்தான் நிற்பேன், இப்படி அவர் வருவார், இரண்டடி தூரத்தில் அவருக்கு வாசனை எட்டும், நிமிர்ந்து பார்ப்பார், கண் கலங்கும். இதையே தினமும் ஓட்டிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவர் மகள் ஷெரினுக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் பாதி டச்சில் பதில் சொல்கிற பிள்ளை. என் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "மாமா மேல ஓமா வாசன," என்றது.

"ஓமமா? இல்லம்மா, ரோஜா," என்றேன்.

அண்ணி அடுப்படியிலிருந்து சிரித்தார். "ஓமம் இல்ல தம்பி, ஓமா. இங்க பாட்டிய அப்படித்தான் சொல்லும். கீழ்வீட்டுக் கெழவி இதே மாதிரி சென்ட்டு போடும். எம்பொண்ணு பேசற தமிழ எனக்கே பாதி நேரம் வெளங்கறதில்ல. உங்களுக்கு எங்க காதுல விழப்போவுது?"

அன்றைக்கு அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

6

விமானம் காலையில் வந்தது. அண்ணன் கார் ஓட்டினார். பதற்றத்தில் இரண்டு தரம் அடிக்க வேண்டியதை ஐந்து தரம் அடித்திருந்தேன்.

கதவு திறந்தது. நீலச் சுடிதார், மேலே அளவு பெரிதான ஸ்வெட்டர், தள்ளுவண்டியில் கயிறு கட்டிய இரண்டு பெட்டி. புவனா என்னைப் பார்த்துவிட்டார். சிரித்தார். வந்தார். நான் கற்பனை செய்த அதே இரண்டடி தூரத்தில் நின்றார். நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியது.

பிறகு தும்மினார்.

ஒரு தும்மல் இல்லை. ஏழு. பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்க வாயெடுப்பார், தும்மல் வந்துவிடும்.

"குளுரு ஒத்துக்கல," என்றார் அண்ணன். காரில் கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைப் போட்டார். அவ்வளவுதான். அடைத்த காருக்குள் சூட்டில் ரோஜா பொங்கியது. புவனா துப்பட்டாவை முகத்தில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர். "அழாதம்மா," என்றார் அண்ணன், கண்ணாடியில் பார்த்து. "மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். பழகிடும்." நான் ஆறுதலாக இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.

வீட்டில் எங்களை இறக்கிவிட்டு அண்ணன் போனார். காலை பத்து மணி. வீட்டுக்குள் நல்ல வெயில். பெட்டியைக் கூடத் திறக்காமல் புவனா பால்கனிக் கதவைத் திறந்து, குளிரில் போய் நின்றுகொண்டார். முகம் வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் போனேன். அவர் ஓரடி பின்னால் போனார். இன்னோர் அடி வைத்தேன். கம்பியில் முதுகு இடித்துக்கொண்டு நின்றார்.

எதற்குப் பயந்தேனோ அதுதான் நடக்கிறது. அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒருவனின் வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கிறார்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஐயோ, அது இல்லைங்க. கோச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நீங்க கொஞ்சம் குளிச்சிட்டு வந்துடறீங்களா?"

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

"எனக்கு ரோஜா ஆகாதுங்க. சின்ன வயசுலேர்ந்தே. தும்மல் வந்து கண்ணு ரெண்டும் வீங்கிடும். அதான் கல்யாணத்தன்னிக்கே சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"ரோஜா வாசன எனக்கு ஆகாது, மாலையக் கொஞ்சம் எறக்கி விடுங்கன்னு. நீங்க தலைய தலைய ஆட்டிட்டு இன்னும் ஒசத்தி விட்டீங்க! சரி, மேடையில தும்மாம இருந்தா போதும்னு மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

ஆகாது. நம் வாயில் அது ஆஹாது. கடைசியில் இருந்த ‘து’ ஒன்றைத் தவில்காரர் தட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒற்றை எழுத்து விழுந்த பள்ளத்தில் நான் பதினான்கு மாதம் வீடு கட்டிக் குடியிருந்திருக்கிறேன்.

"அப்போ தினமும் வாங்கிட்டு வந்த பூ?"

"சாமிக்கு வெச்சேன்ல. சாமிக்குத் தும்மல் வராது."

"போன்லயாவது சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது? எம்பசியில ஒரு அம்மா என்னையக் கேட்டாங்க, உங்களுக்கு ரோஜா வாசனைன்னா அழுகையே வந்துடுமாமே, அப்படியான்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நீங்கதான் எழுதியிருப்பீங்கன்னு புரிஞ்சு போச்சு. இல்லைன்னா பேப்பரைத் திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு, ஆமாங்க, அழுகை வரும்னுட்டேன். பொய்யும் இல்ல, தண்ணி வரத்தானே செய்யுது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வீங்கின முகத்தோடு, மூக்கைத் துடைத்துக்கொண்டு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஓடிப் போய்க் குளித்தேன். மூன்று தரம் சோப்புப் போட்டேன். பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வேலைப் பைக்குள் வைத்தேன். திரும்பி வந்தபோது புவனா என் வேலை ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வே பட்டறைக்காரர் மகள். எனக்கு உள்ளுக்குள் மறுபடி ஓர் ஆசை துளிர்த்தது.

"உங்கப்பா வாசனையா?"

"அதேதான். இரும்பும் பொகையும். இதுவும் எனக்கு ஆகாதுங்க. அப்பா வேலவிட்டு வந்தா அந்தச் சட்டைய வாளியில முக்குற வரைக்கும் கிட்டப் போக மாட்டேன்." ஜாக்கெட்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டினார். "ஆகாட்டி என்ன? இருபத்தாறு வருஷம் அவர்கூடத்தான இருந்தேன்."

பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டேன். நல்ல வெயில், எலும்பைத் தொடாத வெயில். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"இப்படிச் செய்யலாமா?" என்றார். "போன்ல பிடிச்சது பிடிச்சதுன்னே பேசிட்டோம். ஆகாதது எல்லாத்தையும் இன்னிக்கே சொல்லிடுவோம். நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு."

அவருக்கு ஆறின பால் ஆகாது. எனக்குச் சத்தமாக டிவி ஓடினால் ஆகாது. கல்யாணத்துக்கு அவர் அத்தை கொடுத்த பச்சைப் புடவை அவருக்கு ஆகாது, அதைத்தான் உங்கம்மா நல்லா இருக்குன்னாங்க என்றார். சாப்பிடும்போது யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆகாது. என் மீசை அவருக்கு ஆகாது. அதைச் சொல்லும்போது மட்டும் முறுக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அடுத்து என் முறை. வேறு ஏதோ சின்னதாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு இந்த ஊரே இன்னும் ஆகலை," என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே திடுக்கென்றது. நாலு வருடமாக அதை நான் எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஊருக்குப் போன் செய்தால், ராஜா மாதிரி இருக்கேம்மா. பட்டறையில் கேட்டால், எல்லாம் நன்று. படித்த முதல் பிள்ளை நன்றாகத்தான் இருக்க வேண்டும்.

"மொழி புரியற மாதிரி இருக்கும், கடைசியில தப்பாப் போயிடும். கூட்டத்துல எல்லாரும் சிரிக்கறப்ப நானும் சிரிப்பேன், எதுக்குன்னு தெரியாது. சில நாள் வேலை முடிஞ்சு வந்து, ஷூவைக்கூடக் கழட்டாம அப்படியே ஒக்காந்திருப்பேன். உங்களை இங்க கூப்பிட்டது சரியான்னே தெரியலை."

கீழே கால்வாயில் ஒரு படகு போயிற்று. புவனா தன் நாற்காலியைத் தூக்கி என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். தும்மல் வரவில்லை.

"இத யாருகிட்டயும் சொன்னதில்லையா?"

"இல்லை."

"இப்பதாங்க நீங்க பேசுற மாதிரி இருக்கு. போன்ல வந்தது யாரோ." முறுக்குத் தூளைத் தட்டிவிட்டார். "எந்தெந்த எடம் ஆகலைன்னு எனக்குக் காட்டுங்க. நானும் பாக்கறேன். எனக்கும் ஆகலைன்னா, அப்ப யோசிப்போம்."

ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பதினைந்து மணி நேரப் பயணத்தில் வந்தவர், தூங்கக்கூட இல்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"வாங்க," என்றேன். "ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

அவர் ஒரு காலில் செருப்பும் இன்னொரு கால் வெறுங்காலுமாக நின்றார்.

"இன்னொண்ணு விட்டுப்போச்சு. கட்டின பொண்டாட்டிய வாங்க போங்கன்னு கூப்பிடறீங்களே. எங்க லேப் மேனேஜர் கூப்பிடற மாதிரியே இருக்கு. அது எனக்கு ஆகவே ஆகாது."

படியில் இறங்கப் போனவன் நின்றேன். நாக்கு அந்த வார்த்தைக்குப் பழகியிருக்கவில்லை. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா," என்றேன்.